மனக்கணக்கா, நோட்டுக் கணக்கா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு 43 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எந்த வேலையை எப்போது எடுப்பது என்பதெல்லாம் என் மனதிலேயே ஓடும். காலையில் கடையைத் திறந்து துணிக் குவியலைப் பார்த்தாலே இன்றைக்கு எது முடியும், எது முடியாது என்று தெரிந்துவிடும். ஆனால் இந்த ஆவணியில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஆரி வேலைக்குக் கொடுத்த முகூர்த்த பிளவுஸ் தாமதமாகத் திரும்பி வந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தும் நேரத்துக்குத் தைத்துக் கொடுக்க முடியவில்லை. அந்தப் பெண் வேறொரு பிளவுஸைப் போட்டுக்கொண்டு மணமேடை ஏறினாள். பத்து வருடப் பழக்கமுள்ள குடும்பம். அதே வாரத்தில் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கவும் ஒரு நாள் மறந்துவிட்டேன். கல்லூரியில் படிக்கும் மகன், 'உனக்கு பிளானிங்கே இல்லைம்மா' என்று போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். நாளை அரை அரை மணியாகப் பிரித்து வேலையை அதில் பதிய வேண்டும். 25 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும். மூன்று வாரம் முயன்று பார்த்தேன். தைத்த உருப்படி குறைந்ததுதான் மிச்சம். விட்டுவிட்டேன். இப்போது ராத்திரி விழிப்பு வந்தால் யார் யார் துணி பாக்கி என்று மனம் எண்ண ஆரம்பித்துவிடுகிறது. நான் ஒழுங்கில்லாதவளா? என் மனம் சொல்வதை நம்பி நடப்பதா, எழுதி வைத்து முறைப்படி நடப்பதா? தீபாவளி ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது."

*

அன்புள்ள சகோதரிக்கு,

பதினெட்டு வருடம் ஒரு கடையை நடத்தி, இரண்டு பேருக்குச் சம்பளமும் கொடுத்து, வீட்டில் முதியவர் ஒருவரையும் பார்த்துக்கொள்கிறவர் ஒழுங்கில்லாதவராக இருக்க வழியில்லை. அந்தக் கேள்வியை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். அது உங்களைச் சோர்வாக்குவதைத் தவிர வேறு எதற்கும் உதவாது.

மற்ற கேள்விக்கு வருகிறேன். மனதை நம்புவதா, முறையை நம்புவதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, உங்கள் நாளில் இரண்டு வேறு கணக்குகள் ஒன்றாகக் கலந்து கிடப்பது எனக்குத் தெரிந்தது. ஒன்று, 'இப்போது எந்தத் துணியை எடுப்பது' என்ற கணக்கு. இன்னொன்று, 'எந்தத் தேதிக்குத் தருவதாக ஒப்புக்கொள்வது' என்ற கணக்கு. முதல் கணக்கில் உங்கள் மனதைத் தாராளமாக நம்பலாம். இரண்டாவதில் நம்பக் கூடாது. உங்கள் மகன் முதல் கணக்குக்கு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டாவது கணக்கு யாரும் தொடாமல் அப்படியே கிடக்கிறது. ஆவணியில் உங்களைக் கவிழ்த்தது அதுதான்.

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்று சொல்கிறேன். உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பது உளவியலில் வெகுகாலம் நடந்த வழக்கு. அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன் 1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தார். எரிகிற கட்டடத்தின் முன்னால் நிற்கும்போது அவர்கள் நாலு வழிகளைப் பட்டியல் போட்டு ஒப்பிடுவதில்லை. பார்த்தவுடன் 'இது இந்த மாதிரித் தீ' என்று புரிந்துகொள்கிறார்கள், உடனே வேலையில் இறங்குகிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் டேனியல் கானமன். மனித மனம் தனக்கே தெரியாமல் எப்படியெல்லாம் தப்புக் கணக்குப் போடுகிறது என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். இந்த இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல் சேர்ந்து உட்கார்ந்து பேசி, 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எனக்கு அந்தக் கட்டுரைமேல் பெரிய மதிப்பு உண்டு. அனுபவசாலியின் உள்ளுணர்வை நம்ப வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த வேலையில் ஓர் ஒழுங்கு திரும்பத் திரும்ப வர வேண்டும். செய்தது சரியா தப்பா என்பது சீக்கிரம் தெரிய வேண்டும், அதுவும் பல முறை.

உங்கள் தையல் மேசைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கழுத்து வளைவைத் தப்பாக வெட்டினால் அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கை பிடிக்கிறதா இல்லையா என்பது போட்டுப் பார்த்த நிமிடமே தெரியும். கருப்புத் துணியை விளக்கு வெளிச்சத்தில் தைத்தால் கண் வலிக்கும் என்பதும், ஒரே நிற நூல் போகிற உருப்படிகளை அடுத்தடுத்து ஓட்டினால் நேரம் மிச்சமாகும் என்பதும், எந்தப் பெண்ணிடம் ஹெம்மிங் கொடுக்கலாம், யாரிடம் கொக்கி வைக்கக் கொடுக்கலாம் என்பதும் ஆயிரக்கணக்கான முறை பார்த்துப் பார்த்து உங்களுக்குள் படிந்தவை. காலையில் குவியலைப் பார்த்ததும் இன்றைய வேலை தெரிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வெறும் ஊகம் கிடையாது. பதினெட்டு வருடப் பாடம். அதை அரை மணிக் கட்டங்களாக நறுக்கினால் உற்பத்தி குறையாமல் என்ன செய்யும்?

அந்த 25 நிமிட மணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1980களின் பிற்பகுதியில், பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்கவில்லை என்று சமையலறையில் வைக்கும் தக்காளி வடிவ டைமர் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உருவாக்கிய முறை அது. மேசையில் தனியாக உட்கார்ந்து, மனம் அலைபாய்கிற ஒருவருக்கு அது நல்ல துணை. உங்கள் மனம் அலைபாயவே இல்லை. பட்டுத் துணியில் லைனிங் வைத்து வெட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால், கத்திரியைக் கீழே வைப்பதில்தான் பிசகு வரும். நேர நிர்வாகம் என்று விற்கப்படும் பல முறைகள், கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கடை வாசலில் வாடிக்கையாளரும், வீட்டு வாசலில் சிலிண்டர்காரரும், உள்ளே மாத்திரைக்காகக் காத்திருக்கும் மாமியாருமாக இருக்கிற ஒரு பெண்ணின் நாளை அவை கணக்கில் எடுத்ததே இல்லை. இது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. டமார் அவ்னெட், ஆன்-லோர் செல்லியே என்ற இரு ஆய்வாளர்கள், மனிதர்கள் தங்கள் வேலையை வரிசைப்படுத்தும் விதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். கடிகாரம் சொல்கிறபோது அடுத்த வேலைக்கு மாறுகிறவர்கள் ஒரு வகை. கையில் உள்ளது நன்றாக முடிந்தது என்று மனதுக்குப் பட்ட பிறகு மாறுகிறவர்கள் இன்னொரு வகை. கடிகார வழி வேகத்துக்கு உதவும், மற்றது செய்நேர்த்திக்கு உதவும் என்பது அவர்கள் கருத்து. 2014இல் வந்த அவர்கள் ஆய்வில், கடிகாரப்படி நடந்தவர்களைவிட வேலைப்படி நடந்தவர்கள், நடப்பவை தங்கள் கையில் இருப்பதாக அதிகம் உணர்ந்தார்கள். நீங்கள் இரண்டாவது வகை. உங்கள் தொழிலும் அதைத்தான் கேட்கிறது. அதை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, இனி இரண்டாவது கணக்கு.

ஒருவர் வந்து, 'அக்கா, பத்தொன்பதாம் தேதி முகூர்த்தம், முன்னாலேயே கொடுத்துவிடுவீர்களா?' என்று கேட்கிறார். உங்கள் மனம் அந்த நேரத்தில் என்ன செய்கிறது? அந்த பிளவுஸைத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்கிறது. மூன்று மணி நேரம். மூன்று வாரம் இருக்கிறது. 'கொடுத்துவிடலாம்மா.' அந்த மூன்று வாரத்துக்குள் ஏற்கெனவே எத்தனை பேருக்கு அதே பதிலைச் சொல்லியிருக்கிறீர்கள் என்பது அந்த நிமிடத்தில் கண்முன் வருவதில்லை. ஆரிக்காரர் இழுத்தடிப்பது, உதவிப் பெண்ணுக்குக் காய்ச்சல் வருவது, அரை நாள் கரண்ட் போவது எதுவும் வருவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக அபூர்வம்தான். எல்லாவற்றையும் சேர்த்தால் ஏதாவது ஒன்று வராத வாரமே கிடையாது.

இது எல்லோருக்கும் உள்ள பிழை. கானமனும் அவருடைய நண்பர் ஏமாஸ் ட்வர்ஸ்கியும் 1979லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், திட்டமிடல் பிழை என்று. 1994இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், பட்டப்படிப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். 'எல்லாமே கெட்டுப்போனால்?' என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாம் கெட்டுப்போகும் என்று வேண்டுமென்றே நினைத்துச் சொன்ன கணக்குக்கூடப் போதவில்லை.

கானமன் தன் வாழ்க்கையில் நடந்ததாகச் சொன்ன ஒன்று இதைவிட உங்களுக்கு உதவும். 1970களில் இஸ்ரேலில், பள்ளிகளுக்கு ஒரு புதிய பாடநூல் எழுதும் குழுவில் அவர் இருந்தார். எப்போது முடியும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னார். எல்லோரும் இரண்டு வருடத்தை ஒட்டியே எழுதினார்கள். அந்தக் குழுவில் பாடத்திட்டத் துறையில் பழுத்த அனுபவம் உள்ளவர் ஒருவர் இருந்தார். 'இதே மாதிரி வேறு குழுக்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டன?' என்று அவரிடம் கேட்டதும் அவர் முகம் மாறியது. பத்தில் நாலு குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களும் ஏழிலிருந்து பத்து வருடம் எடுத்துக்கொண்டார்கள் என்றார். விஷயம் என்னவென்றால், இதெல்லாம் தெரிந்த அவரும் தன் சீட்டில் மற்றவர்களைப் போலத்தான் எழுதியிருந்தார். கடைசியில் அந்த நூல் முடிய எட்டு வருடம் ஆனது.

தன் கையில் இருந்த பழைய கணக்கை அவர் மனம் தானாக எடுத்துப் பார்க்கவில்லை. யாரோ கேட்ட பிறகுதான் எடுத்தது. உங்களிடமும் அப்படி ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கடை அலமாரியில், பில் புத்தகங்களின் அடிக்கட்டையாக.

அதற்குப் போகும் முன் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாக நினைப்பது இதுதான். பதினெட்டு வருடமாக நீங்கள் தேதி சொல்லி வருகிறீர்கள். அனுபவத்தில் அந்தக் கணக்கும் பழகியிருக்க வேண்டுமே, ஏன் பழகவில்லை? பின்விளைவு உங்கள் மனதுக்குச் சரியாக வந்து சேரவில்லை என்பதால்தான். அளவுக்கு மீறி ஒப்புக்கொண்ட ஒவ்வொரு முறையும் நீங்கள் ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போயிருக்கிறார். மனம் அதை எப்படிப் பதிந்துகொள்ளும்? 'சொன்ன தேதிக்குக் கொடுத்தோம், கணக்கு சரி' என்றுதான். கணக்கில் விழுந்த துண்டை உங்கள் தூக்கம் அடைத்தது அதற்குத் தெரியாது. இத்தனை வருடமும் உங்கள் உடம்பு அந்தப் பிழையை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆவணியில் ஆரி வேலை தாமதமானபோது, அடைப்பதற்கு ராத்திரியும் மிச்சமில்லை. பிழை அன்றைக்குப் புதிதாக வந்ததாக நினைக்காதீர்கள். அன்றைக்குத்தான் அது வெளியே தெரிந்தது.

ஒருவரைப் பார்த்தவுடன் மார்பளவு 36 என்று உங்கள் கண் சொல்லிவிடும், அநேகமாகச் சரியாகவும் இருக்கும். அதற்காக டேப்பை எடுக்காமல் பட்டில் கத்திரி வைப்பீர்களா? தேதி விஷயத்தில் இத்தனை நாள் டேப் இல்லாமல் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

முறை என்றால் ஆப், கட்டம், மணி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். உங்கள் தொழில் ஏற்கெனவே முறைகளால் ஆனதுதான். வாடிக்கையாளரின் அளவை நோட்டில் எழுதி வைக்கிறீர்கள். பில்லில் துணியின் சிறு துண்டைப் பின் குத்தி வைக்கிறீர்கள். இவற்றை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. தீபாவளிக்கு முன்னால் 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று பலகை வைப்பதும் தையல்காரர்கள் அனுபவத்தில் கண்ட முறைதான். என்றைக்கு அந்தப் பலகையை வைப்பது என்பதை மட்டும் பலரும் மனம் போனபடி முடிவு செய்கிறார்கள். நாம் அதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யப் போகிறோம்.

புரட்டாசியில் கல்யாண வேலை குறைவு. இந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருடைய கணக்குத் திறமைக்குச் சரியான வேலை இதுதான். முதலில் உருப்படிகளுக்குப் புள்ளி கொடுங்கள். சாதா பிளவுஸுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், லைனிங் பிளவுஸ் இரண்டா, சுடிதார் இரண்டரையா, ஆரி போட்ட முகூர்த்த பிளவுஸ் நாலா? இவை என் எண்கள். உங்களுக்கான எண்ணை நீங்களே சொல்லுங்கள். உங்கள் கைக்கு அது துல்லியமாகத் தெரியும், அங்கே மனதையே நம்புங்கள். அப்புறம் போன வருட அடிக்கட்டைகளை எடுத்து, சாதாரணமாக ஓடிய நாலைந்து வாரங்களைப் பாருங்கள். வழக்கமான நேரத்துக்குக் கடை சாத்திய வாரங்களாக இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் உண்மையில் எத்தனை புள்ளி வெளியே போயிருக்கிறது என்று மகன் கூட்டிச் சொல்லட்டும். ஆவணி, தீபாவளி வாரங்களை இதற்கு எடுக்காதீர்கள். அந்த எண்களுக்குள் உங்கள் ராத்திரிகள் ஒளிந்திருக்கின்றன.

வருகிற எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். அது ஆல்டருக்கும், காய்ச்சலுக்கும், கரண்டுக்கும், அழுதுகொண்டு வந்து நிற்கிற ஒருவருக்கும் ஆனது. மீதிதான் நீங்கள் வெளியே வாக்குக் கொடுக்கக்கூடிய அளவு.

கடைச் சுவரில் முகூர்த்த நாள் போட்ட மாதக் காலண்டர் தொங்கும். அதில் ஒவ்வொரு வாரத்துக்கும் அந்த எண்ணை எழுதுங்கள். ஆர்டர் எடுக்கிறபோதே புள்ளியைக் கழித்துக்கொண்டே வாருங்கள். வாரம் நிறைந்துவிட்டால் அந்த வாரம் முடிந்தது. அடுத்தவர் கேட்டால் உங்கள் வாயால் 'முடியாது' என்று சொல்லிச் சங்கடப்பட வேண்டியதில்லை, காலண்டரைக் காட்டலாம். பத்து வருடப் பழக்கக்காரர் கேட்கும்போது மறுக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அவருக்காக ஒதுக்கியதுதான் அந்த ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் தீர்ந்துவிட்டால், பக்கத்தில் நீங்கள் நம்பும் இன்னொரு கடையைக் கைகாட்டுங்கள். அந்தக் குடும்பம் அதற்காகக் கோபித்துக்கொள்ளலாம். கல்யாணத்தன்று துணி கைக்கு வராவிட்டால் வருகிற கோபம் வேறு.

பில் எழுதும்போது இரண்டு தேதி எழுதுங்கள். ஒன்று விசேஷ தேதி, இன்னொன்று நீங்கள் கொடுக்கிற தேதி. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நாள், முகூர்த்த பிளவுஸ் என்றால் ஒரு வாரம் இருக்கட்டும். ட்ரையல் பார்த்து ஏதாவது பிரிக்க வேண்டியிருந்தால் அந்த இடைவெளி காப்பாற்றும். ஆரிக்குக் கொடுக்கிற உருப்படிக்கு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். என்றைக்குக் கொடுத்தீர்கள், என்றைக்குத் தருவதாகச் சொன்னார், என்றைக்கு வந்தது. உங்கள் கையை விட்டுப் போன வேலையைப் பற்றி உங்கள் உள்ளுணர்வுக்கு எதுவுமே தெரியாது, அங்கே அதைக் கேட்டுப் பயனில்லை. நாலைந்து உருப்படிக்கு எழுதினாலே அவர் சராசரியாக எத்தனை நாள் தாமதிக்கிறார் என்று தெரிந்துவிடும். அவர் பத்து நாள் என்றால் நீங்கள் பதினான்கு என்று எழுதிக்கொள்ளலாம். அவரோடு சண்டையும் வேண்டாம்.

இதற்குள்ளும் உங்கள் மனதுக்கு வேலை உண்டு. துணி கொடுக்கும் விதத்தைப் பார்த்தே 'இந்த அம்மா மூன்று முறை ஆல்டருக்கு வருவார்' என்று தோன்றுகிறதா? நம்புங்கள், அது அனுபவம். ஆனால் தோன்றியதைத் தோன்றியபடி விட்டுவிடாமல், அந்த உருப்படிக்கு ஒரு புள்ளி கூடப் போடுங்கள். உதவிப் பெண்ணின் முகம் வாடியிருக்கிறது, நாளைக்கு வர மாட்டாள் என்று படுகிறதா? அவசர உருப்படியை இன்றைக்கே அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதியிருப்பதற்கு மாறாக மனம் ஏதாவது சொன்னால், அது ஒரு குறிப்பிட்ட காரணத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் நோட்டைத் திருத்தலாம். 'எப்படியாவது முடித்துவிடலாம்' என்று மட்டும் சொன்னால், அது அனுபவம் பேசுவது கிடையாது, ஆசை பேசுவது.

மனம் தடுமாறுகிற இடம் இன்னொன்றும் இருக்கிறது. எதிரே வந்து நிற்கிறவருக்கும், போனில் சத்தம் போடுகிறவருக்கும் அது முதலிடம் கொடுத்துவிடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பலன் அதிகமுள்ள வேலையை விட்டுவிட்டு, கெடு நெருங்குகிறது என்பதற்காகவே பலன் குறைந்த வேலையை மக்கள் தேர்ந்தெடுத்ததைக் காட்டியிருக்கிறார்கள். கடைகளில் இது தினமும் நடக்கிறது. அமைதியாகக் காத்திருக்கும் நல்ல வாடிக்கையாளரின் துணிதான் எப்போதும் அடியில் போகும். மாலையில் கடை சாத்தும் முன் காலண்டரைப் பார்த்து, நாளை காலை கட்டாயம் எடுக்க வேண்டிய உருப்படி இரண்டை மட்டும் மேசைமேல் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். மற்ற வரிசையெல்லாம் காலையில் உங்கள் கண் தீர்மானித்துக்கொள்ளும்.

மாமியாரின் மாத்திரையை இந்தப் பேச்சிலேயே சேர்க்காதீர்கள். தவறவே கூடாத, குறித்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலையை எந்த மனதிடமும் ஒப்படைக்கக் கூடாது. ஒரு நாள் மறந்ததற்கு நீங்கள் குற்றவாளி கிடையாது. தையலில் ஆழ்ந்திருப்பவருக்கு நேரம் தெரியாது, அவ்வளவுதான். மகன் போட்ட ஆப்பில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மாத்திரைக்கான மணியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை நாள்வாரியாகப் போட்டு வைக்கிற டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். கொடுத்தோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பார்த்தாலே போதும்.

ராத்திரி விழிப்புக்கு வருகிறேன். எழுதி வைக்காத பாக்கியை மனம் தானே காவல் காக்கும். தூங்கினால் மறந்துவிடுவோமோ என்று உங்களை எழுப்பி எழுப்பி ஒப்பிக்கும். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வந்தது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பாதிப் பேர் அன்றைக்கு முடித்த வேலைகளை எழுதினார்கள். மற்றப் பாதிப் பேர் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். அது படுத்தவுடன் தூக்கம் வருவதைப் பற்றிய சிறிய ஆய்வு, உங்களுக்கோ நடு இரவில் விழிப்பு வருகிறது. இருந்தாலும் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. பாக்கியெல்லாம் காலண்டரிலும் பில்லிலும் இருக்கின்றன, ஒன்றும் விட்டுப்போகவில்லை என்ற நிச்சயம் வந்த பிறகு, மனம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் குறையும். புள்ளிக் கணக்குப் பழகிய பிறகும் ஒன்றிரண்டு மாதம் இதே விழிப்பு தொடர்ந்தால், கூடவே மனம் எதிலும் ஒட்டாமல் இருந்தால், தயங்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தூக்கம் கலைய உடம்பு சார்ந்த காரணங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் கடையைக் குற்றம் சொல்ல முடியாது.

மகனிடம் கோபம் வேண்டாம். 'உனக்கு பிளானிங்கே இல்லை' என்ற வார்த்தை வலித்திருக்கும், உங்கள் கடிதத்தின் எழுத்திலேயே அது தெரிகிறது. அம்மா ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த கருவியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். 'ஆப் எனக்கு ஒத்துவரவில்லைப்பா, ஆனால் நீ சொன்னதில் பாதி சரி. எனக்குக் கணக்குப் போட்டுக் கொடு' என்று கேளுங்கள்.

முகூர்த்த பிளவுஸ் கிடைக்காத அந்தக் குடும்பத்தை நீங்கள் திரும்பப் போய்ப் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. பார்க்காவிட்டால் போய்ப் பாருங்கள். காரணம் எதுவும் விளக்க வேண்டாம், ஆரிக்காரரைப் பற்றியும் பேச வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு இன்னொரு பிளவுஸ் தைத்துக் கொடுக்க அனுமதி கேளுங்கள். அதற்கும் காலண்டரில் புள்ளி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பில்லிலும், உருப்படி உண்மையில் எந்த நாளில், எத்தனை மணிக்கு முடிந்தது என்று ஓரத்தில் குறித்து வாருங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் உட்கார்ந்து முடித்ததென்றால் ஒரு வட்டம் போடுங்கள். மாதக் கடைசியில் வட்டங்களை எண்ணுங்கள். இத்தனை வருடம் உங்கள் மனதுக்குப் போய்ச் சேராத தகவல் அதுதான். அது போகப் போக, தேதி சொல்வதிலும் உங்கள் மனக்கணக்கு மெல்லத் தேறும். சில வருடம் கழித்துக் காலண்டரைப் பார்க்காமலே சரியான தேதி சொல்கிற நிலை வரலாம். வந்தாலும் பார்த்துவிட்டே சொல்லுங்கள்.

தீபாவளிக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. 'ஆர்டர் எடுப்பது நிறுத்தப்பட்டது' என்ற பலகையை இப்போதே எழுதி வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் வரைக்குமான புள்ளிகளை மகனோடு உட்கார்ந்து எண்ணி முடித்துவிடுங்கள். அந்த எண் தீர்கிற அன்றைக்கே, அது எவ்வளவு முன்னதாக வந்தாலும் சரி, பலகையை வெளியே மாட்டிவிடுங்கள்.